கரண்ட் போன பன்னிரண்டு நிமிடம்

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் தெருவுக்கு
இரவு பகல் கிடையாது.
தறி ஓடும் நேரம், தறி நிற்கும் நேரம், அவ்வளவுதான்.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி.
இந்தப் பக்கம் தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர்,
ஆட்டோ தலையில் கட்டின குழாய் ஸ்பீக்கரில்
நாளைக்கு ஊர் சுற்றப்போகும் என் குரல்.

இதுவரை போனில்தான் பேசி அனுப்பினேன்.
பள்ளிப்பட்டு ஃபர்னிச்சர் கடைக்காரர் கேட்டார்:
‘ஏம்மா, நான் கட்டில் விக்கிறனா, தறி விக்கிறனா?’

அதற்கப்புறம் மூன்று வாரம்
பெட்டி பார்த்தேன்.
ஒரு மைக் சொருகும் பெட்டி ஐயாயிரத்து இருநூறு.
இரண்டு சொருகுவது எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
நடுவில் நிற்கிறது மூவாயிரத்து எழுநூறு.
விளம்பரத்துக்கு நானூறு வாங்குகிறவளுக்கு அது
ஒன்பதே கால் ஆட்டோ.

திருத்தணிக் கடைப் பையன்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் என்றான்.
குழாய் ஸ்பீக்கர் அதில் எத்தனையைக் கேட்கும் என்றேன்.
சிரித்தான்.
நாற்பத்தெட்டு வோல்ட் என்று ஒரு பொத்தான்.
‘உங்க மைக்குக்கு அது வேண்டாம், தொடாதீங்க.’
தொடக்கூடாததற்கும் சேர்த்துத்தான் விலை.

ஹைமாவதி மெடிக்கல் ஷாப் மூடி
எட்டரைக்கு வருவாள். தெலுங்கு அவள் பாகம்.
நான் பேசும்போது அவள் மூச்சைப் பிடிப்பாள்,
அவள் பேசும்போது நான்.
இருவர் வாயும் ஒன்றாய்த் திறக்கிற விளம்பரம்
இன்றுவரை ஒன்று வந்ததில்லை.
ஆக, ஒற்றைப் பெட்டி போதும்.
கணக்குப் போட்டு, முகவரியும் அடித்துவிட்டேன்,
பணம் கட்டுகிற பொத்தான்மேல் விரல்.

கரண்ட் போனது.

எட்டுத் தறியும் ஒரே சமயத்தில் வாயை மூடின.
யாரோ கொல்லையில் சொம்பு வைப்பது கேட்டது.
ஹைமாவதி காது கேட்காதவள் மாதிரி
என் முகத்தையே பார்த்தாள்.
யுபிஎஸ் மட்டும் கீக், கீக்.
பன்னிரண்டு நிமிடம் தாங்கும் அது.
தமிழ் முடித்துத் தெலுங்கு எடுக்க
இருபதாவது ஆகும் எங்களுக்கு.

அப்போதுதான் கணக்கு திரும்பியது.
அவள் சமையலறையில், நான் கட்டிலுக்குப் பின்னால்,
ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக்.
ஒரே அமைதியை இரண்டு பேரும் வெட்டலாம்.
பன்னிரண்டு, இருபத்திநாலு ஆகும்.
எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கட்டினேன்.

சாஃப்ட்வேர் தேர்வு அவ்வளவு படுத்தவில்லை.
இலவசமாய் ஒன்று இருந்தது, நல்லதுதான்,
ஏனோ கை ஒட்டவில்லை.
இன்னொன்று அறுபது நாள் சும்மா.
பிறகும் கதவை அடைக்காமல்
ஐந்து நொடி நின்று, காசு தரலையே என்று
நினைவூட்டிவிட்டு உள்ளே விடுகிறது.
கடன்காரர்களில் இப்படி ஒரு மரியாதை
நான் பார்த்ததில்லை.
வெட்கப்பட்டே ஒருநாள் கட்டிவிடுவேன்.

முதல் நாள், சொன்ன சொல்
ஹெட்போனுக்குப் பிந்தி வந்தது,
ரேஷன் கடையில் நான் தெலுங்கு பேசுவது மாதிரி.
பஃபர் என்கிற எண்ணைக் குறைத்தேன். சரியானது.
ரேஷன் கடைக்கு அப்படி எண் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு லுங்கி பேல்களை
இரவல் வாங்கி என்னைச் சுற்றி அடுக்கிக்கொண்டு
வியாழன் இரவு வரை காத்திருந்தோம்.
ஒன்பது பத்துக்குப் போனது.
இரண்டு ‘கீக்’குக்கு நடுவில் ஒரு வாக்கியம்,
அடுத்த இரண்டுக்கு நடுவில் அடுத்தது.
என் ‘தள்ளுபடி’யும் அவள் ‘தக்கிம்பு’ம்
ஒரே மூச்சில் விழுந்தன.
கடைசி முகவரியை முடிக்கும் முன்
தறி வந்துவிட்டது. முகவரியைப் பழைய பதிவிலிருந்து
எடுத்து ஒட்டினேன்.

ஃபர்னிச்சர் கடைக்காரர் இரண்டு முறை கேட்டார்.
குரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
‘ஆனா பின்னாடி என்னமோ வெறிச்சுனு இருக்கே,
ஏதாவது மியூசிக் போட்டு நிரப்புங்களேன்.’

அதற்குத் தனி ரேட் என்றேன்.